காற்றை ஏன் அழுத்த வேண்டும்? எஞ்சின் கேள்வி பதில்

இந்த முறை வாகன எஞ்சின் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தோம். வந்தவற்றைப் படித்துப் பார்த்தால், ஆக்டேன், டீசல், டர்போ என்று எங்கே தொடங்கினாலும் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. அந்த இடத்தை நேராகத் தொட்ட கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கிறேன். உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் என்று நான்கு ஸ்ட்ரோக்கும் மனப்பாடம். ஆனால் இரண்டாவது ஸ்ட்ரோக் எதற்கு என்று யாரும் சொல்லித் தரவில்லை. எஞ்சின் தன்னுடைய சக்தியையே செலவழித்துக் காற்றை அழுத்துகிறதே, அது வீண்தானே?

மனப்பாடத்தோடு நிற்காமல் கேட்டீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். 1860இல் பாரிஸில் எத்தியேன் லெனுவார் செய்த எஞ்சினில் அழுத்தும் வேலையே கிடையாது. சிலிண்டர் என்கிற குழாய்க்குள் போய்வருகிற பிஸ்டன் (அதன் ஒரு வழி ஓட்டம்தான் ஸ்ட்ரோக்) பாதித் தூரம் போகும்வரை நிலக்கரி வாயுவையும் காற்றையும் உள்ளே இழுக்கும், அங்கேயே மின்பொறி, மீதிப் பாதித் தூரத்துக்குத் தள்ளல், அவ்வளவுதான். நன்றாகவே ஓடியது, விற்கவும் செய்தது. ஆனால் எரித்த வாயுவின் வெப்பத்தில் நூற்றில் ஐந்து பங்குகூட வேலையாக மாறவில்லை. மிச்சமெல்லாம் சூடாகப் புகைபோக்கி வழியே போய்விட்டது.

ஏன் அப்படி? எரிந்த வாயு நமக்கு வேலை செய்து கொடுப்பது விரியும்போது மட்டும்தான். விரிய விரிய ஆறும். எவ்வளவு ஆறுகிறதோ அவ்வளவுதான் பிஸ்டனுக்குக் கிடைத்தது. பாதி சிலிண்டரில் பற்றவைத்தால் அது இரண்டு மடங்கு விரிவதற்குள் பிஸ்டனின் பாதை முடிந்துவிடும், இன்னும் தகித்துக்கொண்டிருக்கிற வாயுவை அப்படியே வெளியே விட வேண்டியதுதான். அதையே முதலில் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கிவைத்துப் பற்றவைத்தால், பத்து மடங்கு விரிவதற்கு இடம் கிடைக்கிறது. அழுத்தச் செலவான சக்தியும் எங்கும் போய்விடாது, அழுத்திய ஸ்பிரிங் திரும்பித் தள்ளுவதுபோலப் பெரும்பகுதி சேர்ந்தே திரும்பி வரும். ஏட்டுக் கணக்குப்படி நான்கு மடங்கு அழுத்தினால் வெப்பத்தில் நூற்றுக்கு 43 பங்கை வேலையாக்கலாம், பத்து மடங்கு அழுத்தினால் 60. நிஜ எஞ்சினில் சுவர் வழியாகவும் உராய்விலும் போவது போகக் கிட்டத்தட்டப் பாதிதான் கைக்கு வரும், ஆனால் அழுத்தினால் லாபம் என்ற உண்மை மாறாது.

இதை 1862இலேயே பிரெஞ்சுக்காரர் அல்போன்ஸ் போ த ரோஷா நான்கு ஸ்ட்ரோக்காகவே எழுதிவைத்துவிட்டார், செய்து பார்க்கவில்லை. செய்து ஓடவிட்டவர் நிக்கோலாஸ் ஆட்டோ, 1876இல், ஜெர்மனியின் டாய்ட்ஸ் தொழிற்சாலையில். அந்தப் பழைய பிரெஞ்சு எழுத்தைக் காட்டித்தான் 1886இல் ஜெர்மனியில் ஆட்டோவின் காப்புரிமையை ரத்து செய்தார்கள். அவருக்கு அது பெரிய அடி. மற்ற எல்லோருக்கும் கதவு திறந்தது.

ஒன்று கவனியுங்கள், ஆட்டோவின் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 180 சுற்றுதான் சுற்றியது. தரையில் பதித்துவைத்து ஓட்டுகிற கனமான பொருள் அது. அவரிடம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் 1885இல் அதைச் சின்னதாக்கி 600 சுற்றுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு நிமிடத்தில் அதிக முறை எரித்தால் சின்ன எஞ்சினிலிருந்தே போதுமான சக்தி வரும். எஞ்சின் தரையை விட்டு வண்டிக்கு ஏறியது இந்த வேகத்தால்தான்.

கேள்வி: சிலிண்டருக்குள் நடப்பது வெடிப்பா, எரிப்பா? எங்கள் மெக்கானிக் வெடிப்பு என்கிறார், என் மகள் எரிப்பு என்கிறாள்.

மகள் சொல்வதுதான் சரி. மின்பொறி வைக்கும் பிளக்கின் நுனியில் ஒரு சின்னத் தீக்கோளம் தொடங்கி, அது வளர்ந்து சிலிண்டரின் மறு ஓரம்வரை போக வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். 3000 ஆர்.பி.எம்மில், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்றில், பிஸ்டன் மேலிருந்து கீழே வர ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு, அதாவது 10 மில்லி நொடி. எரிவதற்கே அதில் இரண்டு மூன்று மில்லி நொடி போய்விடும். பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு பொறி வைத்தால், தீ முழுதாகப் பரவுவதற்குள் பிஸ்டன் கணிசமான தூரம் இறங்கியிருக்கும், தள்ளலின் பலனில் பெரும்பகுதி போய்விடும். அதனால் பிஸ்டன் இன்னும் மேலே வந்துகொண்டிருக்கும்போதே, உச்சிக்கு 20, 30 டிகிரி முன்னதாகவே பொறி விழுந்தாக வேண்டும். வேகம் கூடினால் இன்னும் முன்னே, வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும் ஐடிலில் பின்னே. மெக்கானிக் "டைமிங் வைக்கணும்" என்று சொன்ன காலத்தில் அவர் வைத்தது இதைத்தான்.

1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே இடது பக்கம் இதற்கென்றே ஒரு நெம்புகோல் இருக்கும். ஓட்டுநரே எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, பொறியை முன்னே பின்னே நகர்த்திக்கொண்டே ஓட்ட வேண்டும். கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும்போது அதைப் பின்னுக்குத் தள்ள மறந்தால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும், கை எலும்பு முறியும். அப்புறம் அந்த வேலையை, ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழல்கிற சின்ன எடைக்கற்கள் ஏற்றுக்கொண்டன, இப்போது கம்ப்யூட்டர் ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறது.

இதில் எனக்கு இன்றும் வியப்புத் தீராத ஒன்று உண்டு. அசையாமல் நிற்கிற காற்றில் கலந்த பெட்ரோல் ஆவியை எரிய விட்டால், தீ அதற்குள் எரிந்து முன்னேறும் வேகம் நொடிக்கு அரை மீட்டர்கூடக் கிடையாது. அந்த வேகத்தை வைத்துக்கொண்டு எந்த எஞ்சினும் ஓட முடியாது. வால்வு வழியாகப் பாய்ந்து வருகிற காற்று உள்ளே சுழன்று கொந்தளிப்பதால் தீ கசங்கிக் கிழிந்து பல இடங்களில் ஒரே நேரத்தில் தின்ன ஆரம்பிக்கிறது, அப்போதுதான் நொடிக்கு 20, 30 மீட்டர் வேகம் வரும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் கொந்தளிப்பும் கூடும், தீயும் கூடவே வேகமாக ஓடும். இந்த ஒற்றுமை மட்டும் இயற்கையில் இல்லாமல் போயிருந்தால், 6000 ஆர்.பி.எம். எஞ்சின் என்ற ஒன்றே இருந்திருக்காது.

கேள்வி: ஆக்டேன் எண் அதிகமான பெட்ரோல் போட்டால் பிக்கப்பும் மைலேஜும் கூடும் என்கிறார்களே, உண்மையா?

உங்கள் வண்டி அதைக் கேட்டால் உண்மை, கேட்காவிட்டால் வீண். ஆக்டேன் எண் என்பது பெட்ரோலில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதன் அளவே அல்ல. அழுத்தத்தையும் சூட்டையும் அது எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்ளும் என்பதன் அளவு.

மேலே சொன்னேனே, தீ ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போகிறது என்று. போகும்போது அது எரியாத மீதிக் கலவையை எதிர்ச் சுவரோடு நெருக்குகிறது. நெருக்க நெருக்க அது சூடாகி, தீ வந்து சேர்வதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொண்டால் அப்போது நடப்பதுதான் உண்மையான வெடிப்பு. டிக் டிக் என்று உலோகத்தில் சுத்தியால் தட்டுவதுபோலக் கேட்கும், அதைத்தான் நாக்கிங் என்கிறோம். நாக்கிங்கில் போன ஒரு பிஸ்டனைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தலையின் ஓரம் எலி கொறித்ததுபோல அலுமினியம் பொடிப்பொடியாக உதிர்ந்து, மேல் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு உடைந்து, ரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது. நடுப்பகுதியில் கரிகூடச் சரியாகப் படியவில்லை, அவ்வளவு சுத்தமாக அதிர்ச்சி அலை துடைத்துவிட்டிருந்தது.

ஆக, எவ்வளவு அழுத்தலாம் என்பதற்கு எல்லை கட்டியது இரும்பின் பலம் அல்ல, இந்த நாக்கிங்தான். 1920களின் கார்கள் நான்கு, ஐந்து மடங்கோடு நின்றதற்குக் காரணம் இதுவே. 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைக் கொஞ்சம் கலந்தால் நாக்கிங் நின்றுவிடுவதைக் கண்டுபிடித்தார். எத்தனாலும் அதே வேலையைச் செய்யும் என்பது அன்றே தெரியும். ஈயம் விஷம் என்பதும் தெரியும். 1924இல் நியூஜெர்சி மாநிலத்தில் அதைத் தயாரித்த ஓர் ஆலையில் தொழிலாளர்கள் ஐந்து பேர் சித்தம் கலங்கி இறந்தார்கள். அதற்குப் பிறகும் பெயரில் ஈயம் என்ற சொல்லே இல்லாமல் 'எத்தில்' என்று விற்றார்கள். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் ஒரு பொருளைப் பல பத்தாண்டுகள் ஒவ்வொரு தெருவிலும் புகையாக ஊதினார்கள், எஞ்சின் வரலாற்றில் என்னால் மன்னிக்கவே முடியாத பக்கம் இது. அமெரிக்காவில் 1975 மாடல் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வந்தபோது, ஈயம் அதை மூடிக் கெடுத்துவிடும் என்பதற்காக ஈயமில்லாத பெட்ரோலைக் கொண்டுவந்தார்கள். சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021இல்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்றைய எஞ்சின் பிளாக்கில் நாக் சென்சார் என்று ஒன்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும், நாக்கிங் கேட்டால் பொறியைப் பின்னுக்குத் தள்ளும். 95 கேட்கிற வண்டியில் 91 போட்டால் அப்படித்தான் தப்பிக்கும், பிக்கப்பும் மைலேஜும் குறையும். 91 போதும் என்கிற வண்டியில் 95 போட்டால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. வண்டியோடு தந்த கையேட்டில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதைப் போடுங்கள்.

கேள்வி: டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே இல்லையே, எப்படிப் பற்றுகிறது? ஏன் அவ்வளவு சத்தம்? மைலேஜ் மட்டும் எப்படி அதிகம்?

சைக்கிளுக்குக் காற்று அடித்து முடித்ததும் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை வேகமாக அழுத்தினால் சூடாகும். டீசல் எஞ்சின் வெறும் காற்றை மட்டும் உள்ளே எடுத்து, பதினைந்து முதல் இருபது மடங்கு வரை அழுத்துகிறது. 500 டிகிரிக்கு மேல் போய்விடும். அந்த நேரத்தில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சினைப்போல நாக்கிங் பயமும் கிடையாது, ஏனென்றால் அழுத்தும்போது உள்ளே எரிவதற்கே ஒன்றும் இல்லை. எல்லையாக நின்ற சுவரை ருடால்ஃப் டீசல் இப்படிச் சுற்றிக்கொண்டு போனார் என்றே சொல்ல வேண்டும்.

1893இல் காப்புரிமை, 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் சரியாக ஓடிய எஞ்சின். ஆள் உயரத்தைவிடப் பெரியது. வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றியது. அன்று எங்கும் ஓடிக்கொண்டிருந்த நீராவி எஞ்சின்களில் பெரும்பாலானவை பத்தைத் தொடாத காலம் அது. ஆனால் உடனே வண்டிக்கு வரவில்லை. எரிபொருளை உள்ளே ஊத அழுத்தக் காற்று வேண்டும், அந்தக் காற்றுக்கு ஒரு கம்ப்ரஸர் வேண்டும், எல்லாம் சேர்ந்தால் வண்டியே அதைச் சுமக்கத்தான் சரியாக இருக்கும். 1927இல் பாஷ் நிறுவனம் டீசல் பம்பைத் தொடர்ச்சியாகத் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் லாரிகளுக்கு வேகமாகப் பரவியது. 1936இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்று காரிலும் வந்தது.

சத்தத்துக்குக் காரணம், பீய்ச்சிய டீசல் அந்தக் கணமே பற்றுவதில்லை. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தாமதம். அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் மொத்தமும் ஒரே நேரத்தில் பற்றும்போது அழுத்தம் திடீரென ஏறுகிறது, அதுதான் அந்தக் கடகடப்பு. 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரோடு வந்த காமன் ரெயில் முறை இதைப் பெரிதும் அடக்கியது. முதலில் ஒரு துளி டீசலை மட்டும் விட்டுச் சின்னதாகத் தீ மூட்டிக்கொண்டு, பிறகு மீதியை விடுவது. பழைய டீசல் காரையும் புதிய டீசல் காரையும் அருகருகே நிறுத்திக் கேட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

மைலேஜுக்கு மூன்று காரணம். அதிக அழுத்தம் ஒன்று. இரண்டாவது, பெட்ரோல் எஞ்சின் மெதுவாகப் போகும்போது காற்று வரும் வழியைப் பாதி மூடிக்கொண்டு, மூக்கைப் பொத்தி மூச்சிழுப்பதுபோலச் சிரமப்படும். டீசலுக்கு அந்த மூடி தேவையில்லை, டீசலைக் குறைத்தால் போதும். மூன்றாவது, ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய பத்து சதவீதம் அதிக சக்தி இருக்கிறது. குறை என்னவென்றால் கரித்தூளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும். அதைக் குறைப்பதற்குப் பதிலாகச் சோதனையின்போது மட்டும் குறைத்துக்காட்டும் மென்பொருளை ஃபோக்ஸ்வேகன் ஒரு கோடிக்கும் அதிகமான கார்களில் வைத்தது 2015இல் வெளியே வந்தது. காரில் டீசல் மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கை அன்று விழுந்தது, இன்னும் எழவில்லை.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டதா?

இல்லை, பயப்படாதீர்கள். பெட்ரோலில் ஹைட்ரஜன் இருக்கிறது, அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் தண்ணீர். கணக்குப் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரே உண்டாகிறது! சைலன்சர் சூடாக இருந்தால் ஆவியாகவே போய்விடும், குளிர்ந்திருந்தால் சொட்டும். ஆனால் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் அடர்த்தியான வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே போனால் அது வேறு விஷயம். சிலிண்டருக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், உடனே காட்டுங்கள்.

கேள்வி: காலையில் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டுச் சூடேற்றிய பிறகுதான் எடுக்க வேண்டும் என்று அப்பா சொல்வார். நான் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். யார் சரி?

பெட்ரோலைக் காற்றில் கலந்துவிடும் பழைய கருவியான கார்புரேட்டர் இருந்த, அப்பா ஓட்டிய வண்டிக்கு அவர் சரி. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, காற்றைக் குறைக்கும் சோக்கைப் போட்டு நிற்கவைக்காவிட்டால் வழியில் அணைந்து போகும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் உள்ள வண்டிக்கு அரை நிமிடம் போதும், ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறிவிடும். அப்புறம் முதல் சில கிலோமீட்டர் ஆக்சிலரேட்டரை முறுக்காமல் ஓட்டுங்கள். ஐடிலில் எஞ்சின் மிக மெதுவாகத்தான் சூடேறும், அதுவரை ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருக்கும்.

கேள்வி: முதன்முதலில் காரில் நீண்ட தூரம் போனவர் ஒரு பெண் என்று படித்தேன், அவர் கதையைச் சொல்லுங்களேன்.

பெர்த்தா பென்ஸ். அவருடைய கணவர் கார்ல் பென்ஸ் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டது 1886 ஜனவரி 29. ஒரே சிலிண்டர், 954 சி.சி., முக்கால் குதிரைத்திறன். இன்றைய சின்ன ஸ்கூட்டரின் சக்திகூட இல்லை. வண்டி இருந்தது, வாங்க ஆள் இல்லை. 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல்.

வழியில் எரிபொருள் தீர்ந்தது. அன்று பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் ஊரின் மருந்துக் கடையில், துணிக்கறை எடுக்க விற்ற லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் குத்தி எடுத்தார். ஒரு வயரின் காப்பு தேய்ந்து ஷார்ட் ஆனபோது காலுறையைக் கட்டும் பட்டையைச் சுற்றினார். குளிர்விக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும் அமைப்பு அது, ரேடியேட்டர் கிடையாது, அதனால் கண்ட இடத்திலெல்லாம் தண்ணீர் பிடித்து ஊற்ற வேண்டும். மேட்டில் வண்டி ஏறவில்லை, பிள்ளைகள் தள்ளினார்கள். இறக்கத்தில் மரப் பிரேக் தேய்ந்தது, ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார், பிரேக் லைனிங் பிறந்தது அங்கேதான் என்று சொல்வார்கள். திரும்பி வந்ததும் கணவரிடம் மேடேற இன்னொரு கியர் வேண்டும் என்றார், அவரும் வைத்தார். சாகசப் பயணம் என்று மட்டும் இதைச் சொல்வது எனக்குப் போதவில்லை. ஒரு வாகனத்தை நிஜச் சாலையில் ஓட்டி, குறைகளைக் கண்டு, திருத்தம் சொல்லிய முதல் சோதனை ஓட்டுநர் அவர்.

கேள்வி: டர்போ என்றால் என்ன? 1000 சி.சி. டர்போ 1500 சி.சி.க்குச் சமம் என்கிறார்களே?

சிலிண்டருக்கு வெளியிலேயே ஒரு முறை காற்றை அழுத்திக்கொண்டு வருவதுதான் டர்போ. வெளியேறும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும், அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் உள்ளே போகும் காற்றை நெருக்கும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டும். காற்று அதிகம் போனால் எரிபொருளும் அதிகம் எரிக்கலாம், எனவே 1000 சி.சி.யிலிருந்து 1500 சி.சி. அளவு சக்தி வருவது சாத்தியம்தான். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் பூஹி இதற்குக் காப்புரிமை பெற்றது 1905இல். கப்பல், லாரி எல்லாம் சுற்றி, கார்களில் பரவலாக வர 1970களின் கடைசி ஆனது. புகை போதுமான அளவு வந்து சக்கரம் வேகம் பிடிப்பதற்குள் கொஞ்சம் தாமதம் இருக்கும், அதைத்தான் டர்போ லேக் என்கிறார்கள். நீண்ட நேரம் விரட்டி ஓட்டினால் நிறுத்தியதும் அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். அந்தத் தண்டைத் தாங்குவது ஆயில் படலம் ஒன்றுதான், எஞ்சின் அணைந்தால் ஆயில் ஓட்டம் நின்று, சூட்டில் அது கரியாகக் கட்டிக்கொள்ளும்.

கேள்வி: டூ ஸ்ட்ரோக் வண்டிகள் ஏன் காணாமல் போயின? அந்தப் பிக்கப் இப்போது எதிலும் இல்லை.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை எரிக்கும், வால்வு கிடையாது, எடை குறைவு, அதனால் அந்தப் பிக்கப். ஆனால் பழைய புகை வெளியே போகும் துளையும் புதிய கலவை உள்ளே வரும் துளையும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால், புதிய பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு சேர்ந்து ஓடிவிடும். ஆயிலையும் சேர்த்தே எரிக்க வேண்டும், அந்த நீலப் புகை அதுதான். மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக அதற்கு இடமில்லாமல் போனது. அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும், ஆனால் போனது நல்லதுக்குத்தான்.

கேள்வி: பெட்ரோல் எஞ்சின் முக்கால்வாசி சக்தியை வீணாக்குகிறது என்கிறார்கள். நூற்றைம்பது வருடமாகியும் இதைச் சரிசெய்ய முடியவில்லையா?

ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற காருக்கு முக்கால்வாசி வீண் என்பது சரியாகத்தான் இருக்கும், சில நேரம் அதற்கும் மேல். ஒரு பங்கு புகையோடு சூடாகப் போகிறது, இன்னொரு பங்கு ரேடியேட்டர் வழியே, மிச்சம் உராய்விலும் மூச்சிழுப்பதிலும். ஆனால் சும்மா இருந்துவிடவில்லை. 1882இலேயே ஜேம்ஸ் அட்கின்சன் ஒரு யோசனை சொன்னார், அழுத்துவதைவிட அதிகமாக விரிய விட்டால் புகையோடு போகும் சூட்டில் இன்னும் கொஞ்சத்தைப் பிடிக்கலாம் என்று. அவர் அதைச் சிக்கலான இணைப்புத் தண்டுகளால் செய்தார். நூறு வருடத்துக்கு மேல் கழித்து, 1997இல் டொயோட்டா பிரியஸ் உள்ளிழுக்கும் வால்வைத் தாமதமாக மூடுவதன் மூலம் அதே பலனை எடுத்தது. பலம் குறையும், அதை மின்மோட்டார் ஈடுகட்டும். இப்போது சிறந்த பெட்ரோல் எஞ்சின்கள் நல்ல நிலையில் ஓடும்போது நூற்றுக்கு 40ஐத் தொடுகின்றன.

மின்மோட்டார் 90ஐத் தொடும்போது இது எம்மாத்திரம் என்று அடுத்து கேட்பீர்கள். நியாயம்தான். எஞ்சின் இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் அதன் திறமை அல்ல, பெட்ரோலின் செறிவு. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறக்குறைய 12 கிலோவாட் மணி, ஒரு கிலோ பேட்டரியில் கால் கிலோவாட் மணி என்றால் அதிகம். முக்கால்வாசியைத் தூக்கி எறிந்தாலும் பெட்ரோலுக்கே வெற்றி. ஆனால் ஒரு லிட்டர் எரித்தால் 2.3 கிலோ கரியமில வாயு வெளியே போகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஊருக்குள் ஓடும் வாகனங்களுக்கு எஞ்சினின் காலம் முடிகிறது என்றே நினைக்கிறேன். எஞ்சினை இவ்வளவு நேசித்தும் அதைச் சொல்லத் தயக்கமில்லை.

கேள்வி: தேங்கிய மழைநீருக்குள் கார் நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்த்தோம், டக் என்று ஒரு சத்தம், பிறகு எஞ்சின் சுற்றவே இல்லை. என்ன ஆகியிருக்கும்?

காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. ஏர் ஃபில்டர் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது அது சுவர்போல எதிர்த்து நிற்கும். சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் தள்ளும், பிஸ்டன் நகராது, நடுவில் மாட்டிக்கொள்வது இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராட், அது வளைந்துவிடும். சில மில்லிமீட்டர் வளைந்தாலும் போதும், அன்று எப்படியோ ஸ்டார்ட் ஆகி ஓடினாலும் சில வாரங்களில் உடைந்து பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதனால் உங்கள் காரை இனி சாவி போடாமல் இழுத்துக்கொண்டு போய்த்தான் காட்ட வேண்டும், எஞ்சினைப் பிரிக்க வேண்டிவரும் என்று எதிர்பார்த்தே போங்கள்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன், தண்ணீரில் வண்டி நின்றால் ஒரு முறைகூட ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுவாருங்கள். மெக்கானிக் முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பார். அது நனைந்திருந்தால் எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு, டீசல் என்றால் இன்ஜெக்டர்களை, ஸ்பேனரை வைத்துக் கையாலேயே எஞ்சினைச் சுற்றுவார். பிளக் துளை வழியே தண்ணீர் கொப்பளித்து வெளியே வரும். துளைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு குனிந்து பார்க்காதீர்கள். தண்ணீர் முழுதும் வெளியேறி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.